ஒப்புக்குச் சப்பாணி இல்லாத ஆட்டம்: விளையாட்டுக் கூடல் நடத்த வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிறு வயதில் கூட்டமாக விளையாடிய எல்லோருக்கும் ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்ற சொல் தெரிந்திருக்கும். தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அழும் சின்னப் பிள்ளையை ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் அவன் யாரையாவது பிடித்தாலும் கணக்கில்லை, பிடிபட்டாலும் கணக்கில்லை. அவன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருப்பான், யாரும் அவனைத் துரத்த மாட்டார்கள். நடக்க இயலாதவரைக் குறிக்கும் சொல்லையே இதற்குப் பெயராக வைத்திருக்கிறோம் என்பது எனக்கு வெகுகாலம் உறைக்கவில்லை. உறைத்த பிறகு அந்தச் சொல் என்னை விடவில்லை. பெரியவர்களின் உலகத்தில் நடக்கும் ஒதுக்கலும் பெரும்பாலும் இந்த வகைதான். வாசலில் யாரும் தடுப்பதில்லை. உள்ளே அழைத்து, உட்கார வைத்து, கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

பல வயதினரும் பல பின்னணியினரும் கலந்து விளையாடும் கூடல்களைச் சில ஆண்டுகளாக நடத்திவருகிறேன். முதன்முறையாக அப்படி ஒன்றை நடத்த நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு கூடல் நன்றாக நடந்ததா என்று பார்க்க நான் இரண்டே கேள்விகளை வைத்திருக்கிறேன். ஆட்டத்தில் இருந்த ஒவ்வொருவரும் கணக்கில் இருந்தாரா? விதி தனக்குப் பொருந்தவில்லை என்றால் அதை மாற்றச் சொல்ல அவரால் முடிந்ததா? எவ்வளவு சிரிப்பு எழுந்தது என்பது இவற்றுக்குப் பிறகுதான்.

முதல் படி: யார் வரவில்லை என்று பாருங்கள்

அழைப்பு அனுப்புவதற்கு முன் இரண்டு மூன்று பேரைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் எல்லோரும் உங்கள் நண்பர் வட்டத்திலிருந்தே வந்தால் கூடலும் உங்கள் நண்பர் வட்டமாகவே முடியும். வழக்கமாக இப்படிப்பட்ட இடங்களுக்கு வராதவர் ஒருவர், எப்போதும் வேலை இருக்கிறது என்று சொல்பவர் ஒருவர், பதின்வயதினர் ஒருவர் என்று இருந்தால் நல்லது. நேரத்தை அவர்களே முடிவு செய்யட்டும். உங்களுக்கு வசதியான மாலை நேரத்தில் வேறொருவர் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டோ, வேலைக்குக் கிளம்பிக்கொண்டோ இருக்கலாம்.

வரப்போகிறவர்களிடம் முன்கூட்டியே கேட்க வேண்டியவை: வந்து போக முடியுமா, காது கேட்பதிலோ பார்வையிலோ நடப்பதிலோ நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது உண்டா, எந்த மாதிரி ஆட்டம் வேண்டாம்? மூன்றாவது கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அதைக் கேட்காமல் விட்டதற்கு என்ன விலை கொடுத்தேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாம் படி: இடமும் பொருளும்

பெரிய மைதானம் தேவையில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த பின் ஆம்ஸ்டர்டாமில் கட்டடக் கலைஞர் ஆல்டோ வான் ஐக், வீடுகளுக்கு நடுவே சும்மா கிடந்த துண்டு நிலங்களை 1947 முதல் விளையாட்டிடங்களாக மாற்றத் தொடங்கினார். அடுத்த முப்பது ஆண்டுகளில் 700-க்கும் மேற்பட்ட இடங்களை வடிவமைத்தார். ஒரு மணல் குழி, தாண்டிக் குதிக்கச் சில கற்கள், தொங்க ஒரு கம்பி வளைவு, பெரும்பாலும் அவ்வளவுதான். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 2009-இல் தாய்மார் இருவர் தங்கள் தெருவைச் சில மணி நேரம் வண்டிகளுக்கு மூடிப் பிள்ளைகளை விளையாடவிட்டார்கள். அந்த வழக்கம் அங்கிருந்து வேறு பல ஊர்களுக்கும் பரவியது. நீங்கள் தேடும் இடத்தில் மூன்று விஷயங்கள் இருந்தால் போதும்: படி ஏறாமல் உள்ளே வர வழி, எல்லோரும் பயன்படுத்தக்கூடிய கழிவறை, விளையாடாமல் உட்கார்ந்து பார்க்க நிழல்.

பொருளுக்கும் செலவு வேண்டாம். சாக்பீஸ், கயிறு, மெத்தென்ற பந்து, பழைய துணி, நிறைய அட்டைப்பெட்டி. அட்டைப்பெட்டியைச் சும்மா சொல்லவில்லை. கோபன்ஹேகனில் நிலவடிவமைப்பாளர் கார்ல் தியோடர் சோரன்சன் ஒன்றைக் கவனித்தார். தான் அழகாக வடிவமைத்துக் கொடுத்த விளையாட்டிடங்களைவிடக் கட்டுமான வேலை நடக்கும் இடங்களிலும் குப்பைமேடுகளிலும்தான் பிள்ளைகள் ஆசையாக விளையாடினார்கள். 1943-இல், நகரம் ஜெர்மானியப் படையின் பிடியில் இருந்தபோதே, எம்ட்ரப் என்ற பகுதியில் பலகையும் செங்கல்லும் வேண்டாத சாமான்களும் நிறைந்த ஓர் இடம் பிள்ளைகளுக்காகத் திறக்கப்பட்டது. 1946-இல் அதைப் பார்த்த பிரிட்டிஷ் நிலவடிவமைப்பாளர் மார்ஜரி ஆலன் அந்த எண்ணத்தை பிரிட்டனுக்கு எடுத்துப் போனார். லண்டனில் குண்டு விழுந்து இடிந்த மனைகளில் பிள்ளைகள் தங்கள் கையாலேயே குடில் கட்டி விளையாடினார்கள். இடிந்ததைக் கண்ணால் பார்த்த பிள்ளைகளுக்குக் கட்டுவதற்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று தோன்றிய அந்த மனிதர்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைகிறது.

மூன்றாம் படி: தொடங்கும் முன் சொல்ல வேண்டியவை

எல்லோரும் வட்டமாக நின்றதும் மூன்று விஷயங்களைச் சத்தமாகச் சொல்லுங்கள். யாரும் எந்த ஆட்டத்திலும் சேராமல் உட்காரலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு கைகளையும் தலைமேல் வைத்தால் ‘எனக்குப் போதும்’ என்று பொருள், அதைப் பார்த்த கணமே எல்லோரும் நின்றுவிட வேண்டும். எந்த விதியையும் யார் வேண்டுமானாலும் மாற்றக் கேட்கலாம். சொல்லி முடித்ததும் ஒரு முறை ஒத்திகை பாருங்கள். எல்லோரும் நடக்கட்டும், ஒருவர் கையைத் தலைமேல் வைக்கட்டும், அத்தனை பேரும் நிற்கட்டும். உடம்புக்குப் பழகிய அடையாளம்தான் அவசரத்தில் கை கொடுக்கும்.

இதை நான் கற்றது ஒரு தவற்றிலிருந்து. என் முதல் கூடலிலேயே கண்ணைக் கட்டி விளையாடும் ஆட்டத்தை வைத்தேன். ஒருவரின் கண்ணைத் துணியால் கட்டி, மற்றவர்கள் குரல் கொடுத்து அவரை வழிநடத்த வேண்டும். நடுத்தர வயதுக்காரர் ஒருவர் மறுக்காமல் வந்து நின்றார். முடிச்சுப் போட்டதும் அவர் கைகள் நடுங்கத் தொடங்கின. சிரிப்பென்று நினைத்து நாங்களும் சிரித்தோம். துணியை அவிழ்த்தபோது முகம் வெளிறிப்போயிருந்தது. யாரிடமும் எதுவும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் வாழ்க்கையில் என்ன நடந்திருந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. முதல் மூன்று கூடல்களில் கண் கட்டுதல், பிடித்துத் தூக்குதல், கட்டாயமாகத் தொடுதல் இவை எதுவும் வேண்டாம்.

அச்சம் விளையாட்டை எவ்வளவு சுலபமாக அணைத்துவிடும் என்பதற்கு ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு சான்று உண்டு. நரம்பியல் அறிஞர் யாக் பாங்க்செப், எலிக்குஞ்சுகள் துள்ளி விளையாடும் கூண்டில் சிறிதளவு பூனை ரோமத்தை வைத்தார். பூனையை வாழ்நாளில் பார்த்திராத குஞ்சுகள். விளையாட்டு அப்படியே நின்றது. ரோமத்தை எடுத்துச் சுத்தம் செய்த பிறகும் அவை பழையபடி விளையாடப் பல நாள்கள் ஆயின. உங்கள் வட்டத்தில் ஒருவருக்கு மட்டும் அப்படி ஒரு ரோமம் தெரியலாம். அது உங்கள் குரலாகக்கூட இருக்கலாம். விசிலை நான் நிறுத்தியது அதனால்தான்.

நான்காம் படி: முதல் இருபது நிமிடம்

எளிதாகத் தொடங்குங்கள். வட்டத்தில் பந்தை உருட்டிவிட்டு, உருட்டியவர் தன் பெயரையும், அடுத்து யாருக்கு வேண்டுமோ அவர் பெயரையும் சொல்லட்டும். பெயர் மறந்தால் கேட்டுக்கொள்ளலாம். எறிவதைவிட உருட்டுவது நல்லது. பந்தைப் பிடிக்கத் தவறும் சங்கடம் அதில் இல்லை. மொழி வேறுபட்டவர்கள் இருந்தால் பெயரோடு ஒரு கையசைவும் சேர்த்துக்கொள்ளலாம்.

சிகாகோவில் 1889-இல் தொடங்கப்பட்ட ஹல் ஹவுஸ் என்ற சமூக இல்லத்தில், பல நாடுகளிலிருந்து குடிபெயர்ந்து வந்த குடும்பங்களுக்கு நடுவே, நீவா பாய்ட் இப்படிப்பட்ட குழு ஆட்டங்களைக் கற்பித்துவந்தார். அவரிடம் பயின்ற வயோலா ஸ்போலின் 1930-களின் இறுதியில் அரசின் பொழுதுபோக்குத் திட்டத்தில் வேலை பார்த்தபோது, ஒரே மொழி பேசாத பிள்ளைகளையும் பெரியவர்களையும் ஒன்றாக நடிக்க வைக்கத் தானே புதிய ஆட்டங்களை உருவாக்கினார். இன்று உலகெங்கும் நடிப்புப் பயிற்சியில் ஆடப்படும் பல ஆட்டங்களின் வேர் அங்கே இருக்கிறது. பேச்சு எட்டாத இடத்தில் ஆட்டம் எட்டும் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. ஒரு மாலை நடத்திப் பார்த்தால் நீங்களே கண்டுவிடுவீர்கள்.

ஐந்தாம் படி: ஆட்டத்தைத் திருத்துவது

‘அவுட்’ ஆனவர் வெளியே உட்கார வேண்டிய ஆட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வெளியேறுவது யார்? வேகம் குறைந்தவர், புதியவர், கூச்சப்படுபவர். ஆட்டம் யாருக்கு அதிகம் தேவையோ அவரே நெடுநேரம் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறார். ஆகவே வெளியேற்றும் விதியை இடம் மாற்றும் விதியாக ஆக்குங்கள். பிடிபட்டவர் எதிர் அணிக்குப் போகட்டும், அல்லது துரத்துபவரோடு கை கோத்துக்கொள்ளட்டும்.

ஆனால் எல்லாத் திருத்தத்தையும் நீங்களே முன்கூட்டி யோசித்துவைத்தால் மறுபடியும் நீங்கள் ஒருவரே விதி போடுகிறவர் ஆகிறீர்கள். ஒரு கூடலுக்குச் சக்கர நாற்காலியில் வரும் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி வந்திருந்தாள். பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாட வேண்டும் என்றார்கள். உடனே ஒரு பெரியவர் அன்போடு, “நீ நடுவராக இரும்மா” என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அதுதான் ஒப்புக்குச் சப்பாணி. அவள் பதில் சொல்லவில்லை, மடியில் இருந்த சாக்பீஸை உருட்டிக்கொண்டிருந்தாள். நான் அவளிடம், “இந்த ஆட்டத்தில் நீ ஓட வேண்டுமென்றால் என்ன விதி வேண்டும்?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். பிறகு, “எல்லோரும் கோட்டின் மேல்தான் போக வேண்டும். குதிகாலை விரலோடு ஒட்டித்தான் நடக்க வேண்டும். நான் சக்கரத்தில் போவேன்” என்றாள்.

தரை முழுக்க வளைவும் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டோம். ஓடிப் பழகிய பையன்கள் கயிற்றின் மேல் நடப்பவர்களைப் போலக் கையை விரித்துத் தள்ளாடினார்கள். அவள் ஒரு சக்கரத்தைக் கோட்டின் மேல் வைத்து, வளைவில் ஒரு கையால் சக்கரத்தை நிறுத்தி மறு கையால் சுழற்றித் திரும்பினாள். அப்படி ஒரு திருப்பம் எங்கள் யாருடைய காலுக்கும் வரவில்லை. முதல் சுற்றில் அவளை யாராலும் தொட முடியவில்லை. இரண்டாம் சுற்றில் ஒரு சிறுமி தொட்டுவிட்டாள். அதற்குத்தான் அவள் அதிகம் சிரித்தாள். அவளைத் துரத்தியிருக்கிறார்கள், பிடித்திருக்கிறார்கள், அது கணக்கில் சேர்ந்தது.

நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டிய வாக்கியம் அந்தக் கேள்விதான்: “நீ விளையாட என்ன விதி வேண்டும்?” சொன்ன விதியை ஒரு சுற்று அப்படியே ஆடிப் பாருங்கள். ஓடவில்லை என்றால் மறுபடி மாற்றலாம்.

சண்டை வரும். அழுகுணி ஆட்டம் ஆடுகிறான் என்று ஒருவர் கத்துவார், இன்னொருவர் காய் விட்டுவிட்டுப் போவார். ஓடிப்போய்த் தீர்ப்புச் சொல்லாதீர்கள். யாரும் அடிபடாதவரை இரண்டு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். விதியைப் பற்றி வாதாடுவதும் ஆட்டத்தின் ஒரு பகுதிதான். பிள்ளைகள் நேர்மையைப் பற்றி மிகுந்த கவனத்தோடு பேசுவதை நான் அங்கேதான் கேட்டிருக்கிறேன். ஆனால் ஒருவரின் பிறப்பையோ உடலையோ நிறத்தையோ இழுத்துக் கேலி செய்தால் காத்திருக்காதீர்கள். அந்தக் கணமே ஆட்டத்தை நிறுத்துங்கள்.

ஆறாம் படி: வலியோடு வருபவர்கள்

பேரிடரோ போரோ இழப்போ கடந்து வந்தவர்கள் நடுவே கூடல் நடத்துகிறீர்கள் என்றால் இதை நிதானமாகப் படியுங்கள். நீங்கள் மருத்துவர் அல்ல. விளையாட்டு வழிச் சிகிச்சை என்பது தனிப் பயிற்சி பெற்றவர்களின் துறை. உங்கள் வேலை பாதுகாப்பான ஒரு மணி நேரத்தை, வாரம் தவறாமல், அதே இடத்தில், அதே நேரத்தில் தருவது. வாழ்க்கை ஒரே நாளில் தலைகீழான பிள்ளைக்கு, ‘அடுத்த வாரமும் இது இருக்கும்’ என்பதே பெரிய ஆறுதல்.

வெள்ளத்துக்குப் பிறகு ஒரு தங்குமிடத்தில் நடத்திய கூடலில் ஆறு வயதுப் பையன் ஒருவன் அட்டைப்பெட்டிகளை அடுக்கி வீடு கட்டுவான். நீலத் துணியை அதன் மேல் போட்டு இழுப்பான், பெட்டிகள் சரியும். மறுபடி கட்டுவான். ஒரு மணி நேரம் இதுவே. “வா, பந்து விளையாடலாம்” என்று கூப்பிட எனக்கு நாக்கு வரை வந்தது. கூட இருந்த மூத்த தன்னார்வலர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். மூன்றாம் வாரம் துணியை இழுப்பதற்கு முன் ஒரு பெட்டியை எடுத்துத் தனியாக வைத்தான். என்ன என்று கேட்டேன். “பாட்டி” என்றான். நான்காம் வாரம் வேறு இரண்டு பிள்ளைகளையும் கட்டச் சேர்த்துக்கொண்டான்.

நடந்ததைத் தன் கையால் மறுபடி நடத்திப் பார்ப்பதும், இந்த முறை முடிவைத் தானே தீர்மானிப்பதும் பிள்ளைகள் இயல்பாகச் செய்வது. குறுக்கிடாதீர்கள், விளக்கம் சொல்லாதீர்கள், படம் எடுக்காதீர்கள். அதே ஆட்டம் வாரக்கணக்கில் துளியும் மாறாமல், பிள்ளை முன்பைவிட இறுகிக்கொண்டே போனாலோ, தன்னையோ பிறரையோ காயப்படுத்தினாலோ, பெற்றோரிடம் தனியாகப் பேசி உரிய மனநல உதவிக்கு வழிகாட்டுங்கள். அந்தத் தொடர்பை முதல் கூடலுக்கு முன்பே தேடி வைத்திருங்கள்.

பெரியவர்களுக்கும் இது பொருந்தும். 1989-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் குழந்தை உரிமை உடன்படிக்கை 31-ஆவது பிரிவில் ஓய்வையும் விளையாட்டையும் குழந்தைகளின் உரிமை என்று எழுதிவைத்தது. பெரியவர்கள் துயரத்தில் இருக்கும்போது யாரும் அவர்களிடம் பந்தை நீட்டுவதில்லை. நீட்டிப் பாருங்கள்.

ஏழாம் படி: அதிகாரத்தைத் தொடும் ஆட்டம்

நாலைந்து கூடல்களாகப் பழகிய குழுவோடு மட்டும் இதைச் செய்யுங்கள். பிரேசில் நாடகக்காரர் அகஸ்தோ போவால் பரப்பிய ஆட்டம் இது. இருவர் எதிரெதிரே நிற்க, ஒருவர் தன் உள்ளங்கையை மற்றவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நிறுத்துகிறார். கை போகும் இடமெல்லாம், தூரம் மாறாமல், முகம் தொடர வேண்டும். இரண்டு நிமிடம் மெதுவாக ஆடி, பிறகு மாறிக்கொள்ள வேண்டும். முதுகோ முழங்காலோ வலிப்பவர் உட்கார்ந்தே ஆடலாம்.

ஒரு குடியிருப்போர் சங்கத்தின் கூடலில் சங்கச் செயலாளரும் அங்கே துப்புரவு வேலை பார்க்கும் அம்மா ஒருவரும் இணையானார்கள். அவரிடம் முன்பே தனியாகச் சம்மதம் கேட்டிருந்தேன். வலுக்குறைந்தவரிடம் கேட்காமல் இப்படி இணை சேர்ப்பது கொடுமை, அதன் விளைவை மறுநாள் சுமக்கப்போவது அவர்தான். அந்த அம்மா கையை நகர்த்தவே இல்லை. மிஞ்சினால் இடமும் வலமுமாக ஒரு விரல் அகலம். முறை மாறியதும் செயலாளர் யோசிக்காமல் கையைத் தரைவரை இறக்கினார், அந்த அம்மா குனிந்துகொண்டே போனார். முடிந்ததும், “எது கடினமாக இருந்தது?” என்று மட்டும் கேட்டேன். “கையைத் தூக்கத்தான்” என்றார் அந்த அம்மா. செயலாளர் வெகுநேரம் பேசவில்லை.

நீங்கள் தடுமாறக்கூடிய இடம் இதுதான். இத்தோடு கை தட்டிவிட்டு, ‘நாம் எல்லோரும் ஒன்று’ என்று கலைந்துவிட்டால் அது ஏமாற்று வேலை. அநியாயத்தின் மேல் இனிப்புத் தடவ விளையாட்டைப் பயன்படுத்தக் கூடாது. அன்று அந்த அம்மா கேட்டது ஒரே கேள்வி: வேலை நடுவே உட்கார எங்களுக்கு ஏன் ஓர் இடம் இல்லை? அதை எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டு, சங்கக் கூட்டத்துக்கு எடுத்துப் போனோம். மூன்று கூட்டங்கள் ஆயின. மின்விசிறியுள்ள ஓர் அறையின் சாவி கிடைத்தது.

போவால் இதை வெகுதூரம் கொண்டுபோனார். ராணுவ ஆட்சியில் 1971-இல் கைதாகிச் சித்திரவதைப்பட்டு நாடு கடந்தவர் அவர். ஒடுக்குமுறைக் காட்சி ஒன்றை நடித்துக் காட்டி, பார்ப்பவர்களில் யாரும் ‘நிறுத்து’ என்று சொல்லி மேடையேறி வேறு முடிவை முயன்று பார்க்கும் முறையை உருவாக்கினார். பின்னர் ரியோ டி ஜெனிரோ நகர மன்ற உறுப்பினராக 1993 முதல் 1996 வரை இருந்தபோது, மக்கள் அப்படி ஆடிப் பார்த்துச் சொன்னவற்றிலிருந்து 13 சட்டங்கள் நிறைவேறின.

எட்டாம் படி: முடிப்பதும் தொடர்வதும்

கடைசிப் பத்து நிமிடத்தை ஓட்டத்தில் விடாதீர்கள். வேகமான ஆட்டத்திலிருந்து நேராக வீட்டுக்கு அனுப்பினால் பிள்ளைகள் படபடப்போடு போவார்கள், வலியோடு வந்தவர்கள் கலங்கிப் போவார்கள். உட்கார்ந்து, ஒரு பந்தைச் சத்தமில்லாமல் கைமாற்றுங்கள். விருப்பமுள்ளவர்கள் ஒரு வார்த்தை சொல்லட்டும். பெருக்குவதையும் பெட்டி அடுக்குவதையும் எல்லோரும் சேர்ந்து செய்யட்டும். அப்போதுதான் சிலர் பக்கத்தில் வந்து பேசுவார்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட, அன்று எந்த விதி மாறியது, மாற்றியது யார் என்று எழுதுங்கள். நான்கு வாரமும் ஒரே ஆள்களின் பெயரே இருந்தால் எங்கோ தவறு இருக்கிறது, ஐந்தாம் வாரம் மற்றவர்களிடம் போய்க் கேளுங்கள். உங்கள் பெயர் அதிகம் இருந்தால் அடுத்த கூடலில் நீங்கள் சுவரோரம் உட்காருங்கள். சாக்பீஸ் பெட்டி வேறொருவர் கையில் இருக்கட்டும்.